கொட்டிலுக்க கிடந்த எப்ஐ பைக்: பியூவல் பம்ப் செத்துட்டுதோ எண்டு பாக்கிறதும் மாத்திறதும்

தம்பி 2022 ஆவணியில கட்டாருக்குப் போகேக்க தன்ர 150 சிசி எப்ஐ பைக்கை, அதாவது காபரேற்றர் இல்லாம இன்ஜெக்ரரால பெற்றோலைத் தெளிக்கிற பைக்கை, பின்வளவுக் கொட்டிலுக்க விட்டு, மேல ஒரு படங்கைப் போட்டு மூடிப்போட்டுப் போனவன். அப்ப பெற்றோலுக்கு லைன் நிண்ட காலம், பைக்குக்குக் கியூஆர் பங்கீட்டில கிழமைக்கு நாலு லீற்றர்தான், அதால ராங்குக்க கிடந்ததில பாதி ஆரோ கலனில வைச்சு வித்த பெற்றோல், அதுக்குள்ள என்ன கலந்து கிடந்ததோ ஆருக்குத் தெரியும். இரண்டரை வருசம் ஒருத்தரும் தொடேல்லை. பிறகு ஒருநாள் வட்ஸ்அப்பில, "அண்ணா, வாற மாசம் லீவில வாறன், பைக்கை ஒருக்கா ரெடி பண்ணி வையன்" எண்டான்.

புதுப் பற்றறி ஒண்டைப் போட்டன், ஸ்ராட் வரேல்லை, உடன லான்ட்மாஸ்ரரில ஏத்திக்கொண்டு கராச்சுக்குப் போனன். அதுதான் நான் விட்ட முதல் பிழை. அங்க காதைக் கிட்ட வைச்சுக் கேட்டுப்போட்டு "பம்ப் போயிட்டுது அண்ணை" எண்டாங்கள், புதுசு ஒண்டு போட்டாங்கள், ஓடிச்சுது. பத்தொன்பதாம் நாள் கோப்பாய்ச் சந்தி தாண்டினவுடன நிண்டுட்டுது, தம்பி வந்து அப்பதான் மூண்டு நாள். வெயிலுக்க உருட்டிக்கொண்டு வந்த கோபத்தில நானே ராங்கைக் கழட்டிக் கவிட்டுப் பாத்தா, புதுப் பம்பின்ர அடியில பெற்றோலை வடிக்கிற வலைச் சொக்ஸ் முழுக்க செங்கல்தூள் மாதிரிக் கறள். பம்பை மாத்தினவை ராங்குக்குள்ள ஒருக்காலும் ரோச் அடிச்சுப் பாக்கேல்லை.

அதுக்குப் பிறகு இந்த வேலையை நானே மூண்டு பைக்குக்குச் செய்திட்டன், எங்கட ஒழுங்கையில வெளிநாடு போன பெடியளின்ர பைக்குகள்தான். மூண்டில ஒண்டுக்குத்தான் உண்மையில பம்ப் பழுது. மற்ற இரண்டில ஒண்டுக்கு எலி கடிச்ச வயர், மற்றதுக்குக் கனெக்ரருக்க பச்சைக் களிம்பு. அதால கீழ சொல்லுற வரிசையை மாத்தாமச் செய்யுங்கோ, பம்ப் வாங்கிறது பிறகு வாற வேலை.

முதல்ல உங்கட பைக்குக்குப் பம்ப் இருக்குதோ

சிரிக்காதேங்கோ, காபரேற்றர் பைக்குக்குப் பம்ப் தேடின ஆளையும் கண்டனான். ராங்குக்குக் கீழ ஓன், ஓப், றிசேவ் எண்டு திருப்பிற ரப் இருந்தா அது அநேகமாக் காபரேற்றர் பைக், பெற்றோல் தன்ர பாரத்தில கீழ இறங்குது, பம்ப் இல்லை. 90களில பெற்றோல் தடை இருந்த காலத்தில எங்கட அப்பா ஆக்கள் எம்டி 90ஐக் கொஞ்சப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில புகைச்சுப் புகைச்சு ஓடினவை, உதெல்லாம் அந்தச் சாமான் பொறுக்கும். எப்ஐ பைக் அப்பிடி இல்லை. ராங்குக்குள்ளயே ஒரு சின்ன மின்சார மோட்டர் பெற்றோலுக்க மூழ்கிக் கிடந்து, கிட்டத்தட்ட இரண்டரையில இருந்து மூண்டு பார் அழுத்தத்தில, அதாவது 36 – 43 பிஎஸ்ஐயில, இன்ஜெக்ரருக்குத் தள்ளவேணும். சில பைக்குக்கு இதைவிடக் கூட, உங்கட பைக்கின்ர சேவிஸ் மனுவலில இருக்கிற கணக்கைத்தான் எடுக்கவேணும். அழுத்தம் இல்லாட்டி இன்ஜெக்ரர் திறந்தாலும் பெற்றோல் புகாராப் பாயாது, சும்மா ஒழுகும்.

நிண்டால் ஏன் சாகுது

பெற்றோலில கெதியாப் பறக்கிற பகுதி முதல் சில மாசத்திலயே போயிடும். மிச்சம் காத்தோட சேந்து பிசின் மாதிரி ஆகும், அது வலையில, பம்பின்ர காத்தாடியில, இன்ஜெக்ரர் நுனியில எல்லாம் ஒட்டும். பம்புக்குள்ள காத்தாடிக்கும் கூட்டுக்கும் இடைவெளி மயிரிழைதான், அதுக்குள்ள பிசின் இறுகினா மோட்டர் சுத்தாது. மற்றது ஈரம். பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் ராங்க் மூச்சு விடும், பாதி வெறுமையாக் கிடந்தா மேல் தகட்டில தண்ணி வேர்த்து, வடிஞ்சு, பெற்றோலை விடப் பாரமெண்டபடியா அடியிலபோய் நிக்கும். அடியிலதான் பம்ப் இருக்குது. கடற்கரைப் பக்கம், குருநகர், பாசையூர் ஆக்களுக்கு உப்புக் காத்து வேற, வெளிக் கனெக்ரரையும் அது தின்னும்.

இன்னொண்டு: பம்பைக் குளிராக்கிறதும் அதுக்கு எண்ணெய்ப் பசை குடுக்கிறதும் பெற்றோல்தான். எங்கட ஆக்கள் 300 ரூபாய்க்கு அடிச்சு 300 ரூபாய்க்கு அடிச்சு எப்பவும் றிசேவில ஓடுற பழக்கம், அதால நிப்பாட்டுறதுக்கு முதலே பாதி உயிர் போயிருக்கும்.

தொடங்க முன்னம்

வெளிய செய்யுங்கோ. மாமரத்துக்குக் கீழ எண்டா நல்லது, குசினி அடுப்புப் பக்கமோ சாமி விளக்குப் பக்கமோ வேண்டாம். பெற்றோல் ஆவி காத்தைவிடப் பாரம், நிலத்தோட ஊர்ந்து போகும், இருபது அடிக்கு அங்கால எரியிற விளக்கும் அதைப் பத்தவைக்கும். வயரில தொங்கிற பல்பு வேண்டாம், எல்ஈடி ரோச் போதும். ஒரு வாளி மணல் பக்கத்தில இருக்கட்டும். ராங்கில கை வைக்க முன்னம் பற்றறியின்ர நெகரிவ்வைக் கழட்டுங்கோ. பெற்றோலை வாயால இழுக்கிற வேலை அறவே வேண்டாம், பழைய பெற்றோல் நெஞ்சுக்குள்ள போனா ஆசுப்பத்திரிதான். கைப்பம்ப் ஒண்டு கடையில மலிவு.

பற்றறி

பம்பைப் பற்றி யோசிக்க முதல் இதை முடியுங்கோ. ஒரு மல்ரிமீற்றரை டிசி 20இல வைச்சுப் பற்றறியில பிடிச்சா 12.6 வோல்ற்றுக்குக் கிட்ட இருந்தா நல்லது, 12க்குக் கீழ எண்டா வெறுமை. ஸ்ராட்டரை அமத்தேக்க பத்துக்குக் கீழ விழுந்தா, மீற்றர் லைற் எரிஞ்சாலும் ஹோர்ன் அடிச்சாலும் அந்தப் பற்றறியை நம்பாதேங்கோ, ஈசியூவும் (பைக்கின்ர கொம்பியூற்றர் பெட்டி) பம்பும் வோல்ற் குறைஞ்சா குழம்பும். இரண்டு வருசம் வெறுமையாக் கிடந்த பற்றறியைச் சார்ஜ் போட்டு எழுப்பிறது அநேகமாச் சரிவராது. சோதனைக்கு ஆரிட்டயாவது ஓடுற பைக்கின்ர பற்றறியை ஒரு மணித்தியாலத்துக்குக் கேட்டு வாங்குங்கோ. கார் பற்றறியில இருந்தும் குடுக்கலாம், ஆனா கார் இன்ஜின் ஓடக்கூடாது.

சத்தம்

இன்ஜினை நிப்பாட்டிற கில் சுவிச் ஓனில இருக்குதோ, சைட் ஸ்ராண்ட் மேல மடிஞ்சிருக்குதோ எண்டு பாருங்கோ. பிறகு வீட்டில ஆரையாவது திறப்பைத் திருப்பச் சொல்லிப்போட்டு நீங்கள் காதை ராங்கோட ஒட்டி வையுங்கோ. நல்ல பம்ப் எண்டா இரண்டு, மூண்டு செக்கனுக்கு "ஊஊம்" எண்டு மெல்லிசா இழுத்து நிக்கும். அந்தச் சத்தத்தை ஓடுற பைக் ஒண்டில முதல் கேட்டுப் பழகுங்கோ, ஏனெண்டா எப்ஐ பைக்கில வேற சாமானும் "கிர்" எண்டும், அதைக் கேட்டுப் பம்ப் ஓடுது எண்டு நினைச்ச ஆக்களும் இருக்கினம்.

கொட்டிலுக்கால வெளிய எடுக்கேக்க பைக் சரிஞ்சு விழுந்தா சாய்வு சென்சர் பம்பை நிப்பாட்டி வைச்சிருக்கும். நிமித்தி, திறப்பை ஓப் பண்ணித் திருப்பி ஓன் பண்ணினா கனக்கப் பைக்குகளில சரியாகும். இன்ஜின் லைற் எரியேல்லை, அப்ப பம்ப் நல்லம் எண்டும் முடிவெடுக்காதேங்கோ, இந்தச் சின்னப் பைக்குகளில அழுத்தம் பாக்கிற சென்சரே இல்லை, பம்ப் செத்தது ஈசியூவுக்குத் தெரிய வழியில்லை.

இனி இரண்டு பாதை. சத்தமே இல்லாட்டி கரண்ட் பக்கம் தேடுங்கோ. சத்தம் வருது, ஸ்ராட் வரேல்லை எண்டா அழுத்தம் பக்கம் தேடுங்கோ.

சத்தம் இல்லாட்டி

முதல் பியூஸ். சீற்றுக்குக் கீழ அல்லது பற்றறிக்குப் பக்கத்தில பெட்டி இருக்கும், மூடியில எது எதுக்கெண்டு போட்டிருக்கும். எரிஞ்சிருந்தா அதே அம்பியர் பியூஸைப் போடுங்கோ, சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் வேண்டாம், பம்ப் இறுகி நிண்டு கரண்டை இழுத்துத்தான் பியூஸ் போயிருக்கும், வெள்ளித்தாள் போட்டா வயர்தான் எரியும். புதுப் பியூஸும் உடன போனா பம்ப் இறுகியிருக்கு, இல்லாட்டி எங்கயோ வயர் உரசுது. அடுத்தது ரிலே, அதாவது பம்புக்குக் கரண்டை விடுற சின்னச் சுவிச் பெட்டி, அதே மாதிரி ரிலே இன்னொண்டு பைக்கில இருந்தா இரண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்கோ.

பிறகு வயர். நாலு மாசம் நிண்டாலே எலி சீற்றுக்குக் கீழ குடும்பம் நடத்தும். பக்கத்து வீட்டு அக்காவின்ர மகன்ர பைக்கில தும்பும் வைக்கலும் மாம்பழக் கொட்டையும் சேத்து ஒரு கூடே கட்டி, பம்புக்குப் போற வயரை நூல் அளவு விட்டு மிச்சம் தின்னிருந்துது. வெளிப் பிளாஸ்ரிக்கை மேல் பக்கத்தால தொட்டுப் பாத்தா முழுசா இருக்கிற மாதிரித்தான் இருந்தது, வளைச்சாத்தான் தெரியும்.

இப்ப முக்கியமான சோதனை. ராங்குக்கு அடியில பம்புக்குப் போற கனெக்ரர் இருக்குது, நாலு வயர் எண்டா அநேகமா இரண்டு பம்புக்கு, இரண்டு பெற்றோல் அளவு காட்டுற மிதவைக்கு. எது எதெண்டு மனுவல் படத்தில பாருங்கோ, ஊகிச்சுக் குத்தாதேங்கோ. கனெக்ரரைக் கழட்டி, பைக் பக்கத்துப் பின்னில மீற்றரின்ர சிவப்பைப் பம்ப் பொசிரிவ்விலயும் கறுப்பைப் பம்ப் நெகரிவ்விலயும் வைச்சு, பக்கத்தில நிக்கிறவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கோ. இரண்டு, மூண்டு செக்கன்தான் கரண்ட் வரும், பிறகு ஈசியூ நிப்பாட்டிடும், கண்ணை எடுக்காதேங்கோ. கறுப்பை பைக்கின்ர இரும்பு உடம்பில வைக்காமக் கனெக்ரரின்ர நெகரிவ்விலயே வையுங்கோ, அப்பதான் எர்த் வயரும் சேந்து சோதிபடும்.

12 வோல்ற் காட்டினா உடன சந்தோசப்படாதேங்கோ. எலி தின்ன அந்த நூல் வயரிலயும் மீற்றர் 12 காட்டிச்சுது, ஏனெண்டா மீற்றர் கரண்ட் இழுக்காது, பம்ப் இழுக்கும். அதுக்கு நான் செய்யிறது, பின் பிறேக் லைற்றின்ர 21 வாற்ஸ் பல்பு ஒண்டுக்கு இரண்டு வயர் வைச்சு அதே இரண்டு பின்னுக்கும் பிடிக்கிறது. அது ஒண்டே முக்கால் அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். பல்பு பளிச்செண்டு எரிஞ்சா வழி நல்லம். மங்கலா எரிஞ்சா வயரிலயோ கனெக்ரரிலயோ எர்த்திலயோ குறை, பச்சைக் களிம்பைச் சின்னப் பிறஸால தேய்ச்சு, கொண்டாக்ட் கிளீனர் அடிச்சுத் திருப்பிப் பாருங்கோ. எங்கட ஒழுங்கையில மூண்டாவது பைக் இந்த இடத்திலயே ஸ்ராட் வந்திட்டுது, சிலவு ஒரு ஸ்பிறே.

பல்பு நல்லா எரியுது, கனெக்ரரைக் கொழுவினா பம்ப் சத்தமில்லை எண்டா, பம்ப்தான். உறுதிப்படுத்த பம்பின்ர இரண்டு பின்னுக்கும் இடையில ஓம் பாருங்கோ. சில ஓம் காட்டவேணும், ஒண்டுமே காட்டாட்டி உள்ளுக்க அறுந்துட்டுது. ஓம் சரி, ஆனா சுத்தேல்லை எண்டா பிசினில இறுகியிருக்கு. சிலபேர் ராங்கின்ர அடியில ரப்பர்ச் சுத்தியலால மெல்லத் தட்டி எழுப்புவினம், சிலவேளை எழும்பும். எழும்பினா வீட்டு வாசல் வரைக்கும் ஓடுங்கோ, அதை நம்பிக்கொண்டு ஏ9இல ஆனையிறவு வெட்டைக்கு நடுவில போய் நிக்கேலாது.

சத்தம் வருது, ஸ்ராட் வரேல்லை எண்டா

இங்கதான் கனபேர் ஏமாறுறது. மோட்டர் சுத்தும், ஆனா அழுத்தம் வராது. வலை அடைச்சிருக்கலாம், காத்தாடி தேஞ்சிருக்கலாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்திற றெகுலேற்றர் திறந்தபடி நிக்கலாம், இல்லாட்டி ராங்குக்குள்ளயே பம்பையும் மேல் மூடியையும் இணைக்கிற சாண் நீள ஹோஸ் வெடிச்சு, பம்ப் தள்ளுற பெற்றோல் அப்பிடியே ராங்குக்குள்ளயே திரும்ப ஊத்துப்படலாம். கடைசிக்குச் சொன்னதுக்குப் பம்ப் மாத்தத் தேவையே இல்லை.

சரியான வழி அழுத்தம் காட்டுற கேஜ். ஹோஸுக்கும் இன்ஜெக்ரருக்கும் இடையில மூண்டு வாய் உள்ள ரி மூட்டு ஒண்டு போட்டுப் பிடிக்கிறது. திறப்பை ஓன் பண்ணினா ஊசி மனுவல் சொல்லுற இடத்துக்குப் போகவேணும், பம்ப் நிண்டபிறகும் கொஞ்ச நேரம் அங்க நிக்கவேணும். ஏறி உடன சறுக்கினா றெகுலேற்றரையோ உள் ஹோஸையோ சந்தேகப்படுங்கோ. ஏறவே இல்லாட்டி பம்பும் வலையும். கேஜ் இல்லாத ஆக்கள் ஹோஸைக் கழட்டிப் போத்தலுக்க விட்டுப் பாப்பினம், நானும் பாக்கிறனான், ஆனா அதில ஒரு பொறி இருக்கு: தடை இல்லாத இடத்தில நோஞ்சான் பம்பும் நல்லா ஊத்தும், இன்ஜெக்ரருக்கு முன்னாலதான் அதின்ர வண்டவாளம் தெரியும். ஊத்தவே இல்லாட்டி முடிவு தெளிவு, ஊத்தினா முடிவில்லை எண்டு எடுங்கோ. ஹோஸைக் கழட்ட முன்னம் சுத்திவரப் பழஞ்சீலை சுத்துங்கோ, உள்ளுக்க மிச்ச அழுத்தம் இருந்தா கண்ணுக்கு நேர பாயும். கண்ணாடி போடுங்கோ.

ராங்கைக் கழட்டிறது

சீற், பக்க மூடி, ராங்குக்கு மேல பிளாஸ்ரிக் இருந்தா அதுவும். பிளாஸ்ரிக் கொழுக்கியள் கன காலம் வெயிலுக்க நிண்டா முறியும், இழுக்காம எங்க பூட்டியிருக்கெண்டு ரோச் அடிச்சுப் பாத்துக் கழட்டுங்கோ. ஒவ்வொரு படியிலயும் போனில ஒரு படம். ராங்க் போல்ற் ஒண்டோ இரண்டோதான். ராங்கின்ர பின் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, கீழ ஒரு கட்டையைக் குடுத்துப்போட்டுக் கனெக்ரரையும் பெற்றோல் ஹோஸையும் காத்து ஹோஸையும் கழட்டுங்கோ. இரண்டு மெல்லிய ஹோஸ் இருக்கும், எது எதெண்டு ரேப் சுத்தி எழுதி வையுங்கோ. அந்தக் காத்து ஹோஸுக்குள்ள ஊதியும் பாருங்கோ: தம்பியின்ர பைக்கில அதுக்குள்ள குளவி மண்கூடு கட்டி, காஞ்சு கல்லாகிக் கிடந்தது, வயர்த் துண்டால குடைஞ்சா உள்ளுக்க பச்சைப் புழு. காத்துப் போகாட்டி ராங்குக்க வெற்றிடம் வந்து நல்ல பம்பும் இழுக்க ஏலாமத் திணறும்.

பெற்றோலை முழுக்க வடிச்சபிறகுதான் கவிழ்க்கிறது. பழைய ரயரை நிலத்தில வைச்சு, மேல சாக்கு விரிச்சுக் கவிட்டா பெயின்ற் கீறாது. பம்பின்ர தட்டு ஐஞ்சாறு நட்டில நிக்கும், சுத்திவர இருக்கிற மண்ணை முதலே பிறஸால துடைச்செடுங்கோ, இல்லாட்டி திறந்தவுடன எல்லாம் உள்ளுக்க விழும். எதிரெதிர் நட்டாக் கொஞ்சம் கொஞ்சமாத் தளத்துங்கோ. தட்டு எந்தப் பக்கம் பாத்திருக்கெண்டு பெயின்ற் பேனையால ஒரு கோடு. வெளிய எடுக்கேக்க மிதவைக் கம்பி இடறும், நேர இழுத்தா வளையும், பிள்ளையைத் தொட்டிலால எடுக்கிற மாதிரிச் சரிச்சு, திருப்பி, மெல்ல.

பழைய பெற்றோல்

வடிச்ச பெற்றோலில கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலுக்க விட்டுப் பத்து நிமிசம் அசைக்காம வையுங்கோ. தம்பியின்ர ராங்கில இருந்து வந்தது பிளேன்ரீ நிறம், மணம் பெற்றோல் மணமில்லை, கதவுக்கு அடிக்கிற வார்னிஸ் மணம். போத்தலின்ர அடியில ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணி, அதுக்கும் பெற்றோலுக்கும் நடுவில ஒரு கோடு ஆடிக்கொண்டு நிண்டது, அதில கறள் தூள் மிதந்துது. இரண்டரை வருசம் பம்ப் இருந்தது அந்தத் தண்ணிக்குள்ள.

அதைக் கிணத்தடியில ஊத்தாதேங்கோ. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், மேல ஊத்தினது நேர கீழ இறங்கும், சுன்னாகம் பக்கம் கிணத்துத் தண்ணியில எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டை மறக்கேலாது. குப்பை எரிக்கவும் வேண்டாம். மூடி உள்ள தகரக் கலனில விட்டு, செயின் கழுவ, இன்ஜின் பாட்ஸ் கழுவ எண்டு கராச்சுகாரருக்குக் குடுங்கோ, வாங்குவினம்.

கறள்

ராங்குக்குள்ள ரோச் அடியுங்கோ. நகத்தால சுரண்டி வாற மெல்லிய கறள் எண்டா சமாளிக்கலாம். முதல்ல பாத்திரம் கழுவிற சோப்புத் தண்ணியால இரண்டு தரம் கழுவி எண்ணெய்ப் பசையை எடுக்கவேணும், பசை இருந்தா அசிட் கறளைத் தொடாது. பம்ப் வாயைத் தகட்டுத் துண்டாலும் பழைய கஸ்கற்றாலும் (கசியாமப் பிடிக்கிற ரப்பர்) அடைச்சு, சிற்றிக் அசிட் தூளை லீற்றருக்கு 50 – 60 கிராம் கணக்கில சுடுதண்ணியில கரைச்சு ராங்க் நிறைய விடுங்கோ. வினாகிரியும் வேலை செய்யும், ஆனா 12 லீற்றர் வினாகிரிக்கு வீட்டில அம்மாவிட்டப் பேச்சு வாங்கவேணும், வளவு முழுக்க அச்சாறு மணக்கும். ஒரு நாள் விட்டுப் பாருங்கோ, தேவையெண்டா இன்னொரு நாள். மூடியை இறுக்காதேங்கோ, அசிட்டும் இரும்பும் சேர ஹைட்ரஜன் வரும், அது எரியிற வாயு. பாத்ரூம் கழுவிற அசிட்டை மட்டும் விடாதேங்கோ, கறளோட தகட்டையும் தின்னும். பெயின்றில படாமப் பாருங்கோ.

அசிட்டை ஊத்திப்போட்டு அப்பச்சோடா கரைச்ச தண்ணியால அலசி, பிறகு நல்ல தண்ணியால அலசி, உடன காயவிடுங்கோ. "உடன" எண்டா உடன, ஏனெண்டா கழுவின வெறும் இரும்பில ஒரு மணித்தியாலத்திலயே திரும்ப மஞ்சள் படரும். நான் முதல் தரம் அலசிப்போட்டுச் சாப்பிடப் போனன், வந்து பாத்தா உள்ளுக்க மஞ்சள் பூசின மாதிரி, திரும்ப முதல்ல இருந்து. மத்தியான வெயிலும் ஹெயார் ட்றையரும் போதும். பெற்றோல் மணம் முழுக்கப் போகாத ராங்குக்குக் கிட்ட ட்றையரையும் கொண்டுபோகக்கூடாது, நெருப்பை எப்பவுமே கொண்டுபோகக்கூடாது. காஞ்சவுடன 2ரி ஓயில் (ரூ ஸ்ரோக் இன்ஜினுக்கு விடுற ஓயில்) கொஞ்சம் விட்டு எல்லாப் பக்கமும் சாய்ச்சு ஒரு மெல்லிய படை பிடிக்கவைச்சு, மிச்சத்தை ஊத்துங்கோ. கறள் போனபிறகு ஊசி ஓட்டை தெரிஞ்சா அந்த ராங்கை வீட்டில வெல்ட் பண்ண நினைக்கவேண்டாம், வெறும் ராங்க்தான் நிறைஞ்ச ராங்கை விடப் பொல்லாதது, உள்ளுக்க நிக்கிற ஆவி வெடிக்கும்.

பம்ப் வாங்கிறது

இரண்டு விதமா விக்கிறாங்கள். ஒண்டு தட்டோட, மிதவையோட, றெகுலேற்றரோட முழு செற். மற்றது நடு மோட்டர் மட்டும். காசு பாக்காட்டி முழு செற், வேலை சுகம். மோட்டர் மட்டும் எடுத்தாலும் பிழையில்லை, ஆனா பழைய மோட்டரைக் கையோட கொண்டு போங்கோ: விட்டம், நீளம், கனெக்ரர் வாய், பெற்றோல் வெளிய வாற முனை, எல்லாத்தையும் விட முக்கியம் அழுத்தம். அளவு சரியா இருந்து அழுத்தம் குறைஞ்ச பம்பைப் போட்டா பைக் நிண்ட இடத்தில ஓடும், முறுக்கினா செத்துப்போகும்.

ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஸ்பெயார்பாட்ஸ் கடையள் இரண்டு மூண்டில கேளுங்கோ, இல்லாட்டிக் கொழும்பில பஞ்சிகாவத்தையில ஆரையும் பிடிச்சு எடுப்பியுங்கோ, பாட் நம்பரை எழுதிக் குடுங்கோ, "அந்த பைக்குக்குரியது" எண்டு வாயால சொன்னா ஏதாவது ஒண்டு வரும். 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி வைச்ச காலத்தில எல்லாரும் பழசை வைச்சே இழுத்ததில கொப்பிச் சாமானும் கூடிப்போச்சு. பெட்டி வடிவா இருக்கு எண்டு நம்பாதேங்கோ, மோட்டர் உடம்பில அச்சடிச்ச நம்பர் பழசோட ஒத்துப்போகுதோ எண்டு பாருங்கோ. கழட்டி வித்த பழைய பம்ப் வேண்டாம், அதுவும் ஆற்றையோ கொட்டிலுக்க கிடந்ததுதான்.

பம்போட சேத்துப் புது வலைச் சொக்ஸ், புது ஓரிங் அல்லது கஸ்கற், புதுக் கிளிப். உள் ஹோஸ் மாத்தினா ராங்குக்குள்ள மூழ்கிக் கிடக்கவெண்டே செய்த ஹோஸ்தான் வேணும், தடிச்ச எழுத்தில சொல்லவேண்டிய விசயம் இது. வெளியால போற சாதாரணப் பெற்றோல் ஹோஸுக்கு உள்பக்கம் மட்டும்தான் பெற்றோலைத் தாங்கும், வெளித்தோல் மூழ்கினா ஊறி, உப்பி, உரிஞ்சு, அந்தத் தூளே வலையை அடைக்கும்.

பூட்டிறது

மோட்டரைப் பழைய கூட்டுக்க வைக்கேக்க வயர் பொசிரிவ் நெகரிவ் மாறக்கூடாது, மாறினா மற்றப்பக்கம் சுத்தும், சத்தம் வரும், அழுத்தம் வராது, நீங்கள் இன்னொருக்கா ராங்கைக் கழட்டுவியள். பம்பை வெறுமையாச் சுத்திப் பாக்க ஆசைப்படாதேங்கோ. ஓரிங்குக்கு இரண்டு சொட்டு இன்ஜின் ஓயில் தடவுங்கோ, கிறீஸ் வேண்டாம். உள்ளுக்க இறக்கேக்க வலைச் சொக்ஸ் மடியாம அடியில விரிஞ்சு படுக்குதோ எண்டு பெற்றோல் வாயால ரோச் அடிச்சுப் பாருங்கோ. மிதவையும் தடையில்லாம ஆடவேணும். நட்டை எல்லாம் கையால இறுக்கிப்போட்டு எதிரெதிராக் கொஞ்சம் கொஞ்சமா ஸ்பனரால, அதுவும் சின்ன ஸ்பனர், தட்டு பிளாஸ்ரிக் எண்டா பலத்தைக் காட்டினா வெடிக்கும். மனுவலில இறுக்கம் போட்டிருக்கும், இறுக்கம் அளக்கிற ரோக் றென்ச் வைச்சிருக்கிற ஆக்கள் அதின்படி செய்யுங்கோ.

ராங்கைப் பைக்கில வைக்க முன்னம், நிமித்தி ஒரு லீற்றர் விட்டு, அடியில காஞ்ச கடதாசி பிடிச்சுப் பதினைஞ்சு நிமிசம் பாருங்கோ. நனையாட்டி பூட்டலாம்.

முதல் ஸ்ராட்

பெற்றோல் செட்டில நேர அடிச்ச புதுப் பெற்றோல் ஒரு நாலு லீற்றராவது விடுங்கோ, வீட்டில கலனில கிடந்தது வேண்டாம். திறப்பை ஓன் பண்ணி, "ஊஊம்" நிண்டவுடன ஓப், திரும்ப ஓன். ஐஞ்சு தரம். ஹோஸுக்க நிண்ட காத்து போகட்டும். ஒவ்வொரு தரமும் மூட்டுகளை விரலால தொட்டுப் பாருங்கோ, ஈரமெண்டா அங்கயே நிப்பாட்டிச் சரி செய்யுங்கோ. பிறகு ஸ்ராட்டர், ஐஞ்சு செக்கனுக்கு மேல அமத்தாம, இடையில ஆறவிட்டு. கன காலம் நிண்ட பைக்கெண்டா முதல் தரம் கொஞ்சம் இருமும், புகைக்கும்.

அழுத்தம் சரி, பிளக்கில நெருப்பு வருது, ஆனாலும் பிடிக்கேல்லை அல்லது ஸ்லோவில துடிக்குது எண்டா இன்ஜெக்ரர் நுனியில பிசின். அதைக் கழட்டி மெசினில கழுவிக் குடுக்கிற இடங்கள் ரவுனில இருக்கு, ஊசியால குத்தாதேங்கோ. இன்ஜின் ஓயிலையும் இதோட மாத்துங்கோ. முதல் ஐஞ்சு கிலோமீற்றர் வீட்டைச் சுத்தியே ஓடுங்கோ, ஒரு கிழமையால ராங்க் அடியில இன்னொருக்கா ரோச் அடியுங்கோ.

திரும்பவும் நிப்பாட்டிறதெண்டா

ஒண்டு ரண்டு மாசத்துக்கெண்டா ராங்கை நிறைச்சு விடுங்கோ, வேர்க்க இடமில்லை. ஆறு மாசத்துக்கு மேலயெண்டா வடிச்சுக் காயவைச்சு, உள்ளுக்க ஓயில் படை பிடிக்கவைச்சு, பற்றறியையும் கழட்டி வைக்கிறதுதான் நல்லது. காத்து ஹோஸ் நுனியில மெல்லிய வலைத்துண்டு ஒண்டைக் கட்டுங்கோ, குளவிக்கு.

தம்பி திரும்பிப் போயிட்டான், பைக் இப்ப அப்பாவின்ர பொறுப்பு. ஞாயிறு விடிய ஸ்ராட் பண்ணி இரண்டு நிமிசத்தில நிப்பாட்டிப்போட்டு, "இஞ்ச பார், ஓடுது" எண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். இரண்டு நிமிசத்தில இன்ஜின் சூடேறாது, சைலன்சருக்குள்ள தண்ணிதான் நிக்கும், குறைஞ்சது இருபது நிமிசம் ஓடவேணும் எண்டு எத்தனை தரம் சொல்லியும் கேக்கேல்லை. கடைசியா ஞாயிறு மீன் வாங்கிற வேலையை அவரிட்டக் குடுத்திட்டன். வீட்டில இருந்து பாசையூர் போய் வர இருபத்தைஞ்சு நிமிசம்.